மேற்குப் பாதி

அங்கேயே நின்றால் எப்படி, உள்ளே வாருங்கள். வாசலிலிருந்து பார்த்தால் வீடு சின்னதாகத்தான் தெரியும். செருப்பை இந்தப் பக்கம் விடுங்கள், அந்தப் பக்கம் கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறது. அதைப் பார்க்காதீர்கள். அது என் பாகம் இல்லை. தரகர் பக்கிரிசாமி சொல்லியிருப்பார், கிழக்குப் பாதி என் அண்ணன் சட்டநாதனுடையது, மேற்குப் பாதி என்னுடையது. இடிந்தது கிழக்கு. நான் விற்பது மேற்கு. ரொம்பப் பேர் இதைக் குழப்பிக்கொண்டு தெருவோடே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் படியேறிவிட்டீர்கள். எனக்கு அதுவே தெம்பாக இருக்கிறது.

முதலில் தரையைப் பாருங்கள். டைல்ஸ் கடையில் மூலை உடைந்த பெட்டிகளைத் தனியாகப் போட்டு வைத்திருப்பார்கள், அதில் பொறுக்கியது. உடைந்த மூலையெல்லாம் சுவர் ஓரமாக வருகிற மாதிரி போடச் சொன்னேன். எங்கேயாவது தெரிகிறதா? தெரியாது. குறைந்த காசில் வீட்டை எடுப்பாக்குவதற்கு இப்படிச் சில வழிகள் இருக்கின்றன. கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம் என்ன பெரிய காசு இருக்கப்போகிறது. மேலேயும் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங். வெள்ளை வெளேரென்று இருக்கிறதல்லவா. விளக்கைப் போட்டுக் காட்டுகிறேன் இருங்கள்.

அந்தக் கட்டிலில் படுத்திருப்பது என் அண்ணி. பக்கத்தில் நாற்காலியில் இருப்பவர்தான் அண்ணன். அவர்கள் பக்கம் விழுந்துவிட்டதால் இங்கே இருக்கிறார்கள், தற்காலிகமாக. நீங்கள் வணக்கம் சொல்ல வேண்டாம், சொன்னாலும் அவர் தலையாட்ட மாட்டார். இந்தப் பக்கமாக வாருங்கள், கொல்லைக்குப் போய்ப் பேசலாம். அந்த நீலத் தார்ப்பாய் காற்றில் அடிக்கும், தலையில் படாமல் குனிந்து வாருங்கள். அது இருக்கிற இடத்தில் சுவர் எழுப்பிவிட்டால் வீடு முழுசாகிவிடும். சுவர் மட்டும்தான் பாக்கி.

இந்தச் சிமென்ட் பலகை மேல் உட்காருங்கள். பயப்படாமல் உட்காருங்கள், கெட்டி. கீழே கிணறு. கிணற்றிலும் பாதிதான் நம்முடையது.

எனக்கு விற்க அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொன்னார் பக்கிரிசாமி. உங்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவசரம்தான். என் வீட்டுக்காரி அபயாம்பாள் ஓசூரில் இருக்கிறாள். மகள் நாயகியின் பிரசவத்துக்குப் போனவள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூட வேனில் ஏறிப் போகிறது. இவள் வரவில்லை. மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலை வேலை, வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். நான் போனால் டிவிக்குக் கீழே படுத்துக்கொள்ள வேண்டும், அவர்கள் பார்த்து முடிக்கிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். இதை விற்றால் அங்கே அதே தெருவில் இரண்டு அறையாகப் பார்த்துக்கொள்ளலாம். அவளும் நானும் இருக்கலாம். அதற்குத்தான் இவ்வளவும். இந்த வயதில் எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை சார்.

அவள் ஏன் வரவில்லை என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். முழங்கால் வலி. இங்கே குந்தி உட்காருகிற கக்கூஸ்தான் இருந்தது. அதனால்தான் என்று நினைத்து, முதல் வேலையாக வெஸ்டர்ன் வைத்தேன். வைத்துவிட்டுப் போன் போட்டுச் சொன்னேன். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். அடுத்து சமையலறையில் நின்று சமைக்கிற மேடையின் உயரத்தைக் குறைத்தேன். அதற்கும் "சரிங்க". வாஷிங் மெஷினுக்கு வாகாகக் குழாய் இழுத்தேன். மெஷின் இன்னும் வாங்கவில்லை, குழாய் இருக்கிறது, காட்டுகிறேன். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க. சரியென்றால் வர வேண்டியதுதானே.

இந்தக் கிணற்றை மூடியது அதற்கெல்லாம் முன்பு. அப்போது விற்கும் எண்ணம் இல்லை. பின்கட்டு அறையை வாடகைக்கு விடலாம் என்று பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கிணறு திறந்திருக்கிறதே என்றார். அப்பா காலமானதும் பாகம் பிரித்தபோது வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் நடுவாகச் சுவர் வைத்தோம். கிணற்றின் வாய்க்கு மேலே குறுக்காக ஒரு கல்லைப் போட்டு அதன் மேலேயும் சுவரை ஏற்றினோம். ஆளுக்கு அரைவட்டம். அவர்கள் வாளி அந்தப் பக்கம், எங்கள் வாளி இந்தப் பக்கம். என்ன சண்டை என்று கேட்காதீர்கள். காரியத்தன்று பந்தியில் ஆரம்பித்தது. அதோடு அண்ணனும் நானும் பேச்சை விட்டோம்.

அபயாம்பாளும் அண்ணியும் மட்டும் விடவில்லை. குழாயில் தண்ணீர் வருகிற வீட்டில் கிணற்றடியில் என்ன வேலை என்று கேட்டால், "குழாத் தண்ணி உப்புங்க" என்பாள். வாளியை விட்டுவிட்டுக் குனிந்துகொண்டு நிற்பாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும், அந்தப் பக்கத்து ஆள் தெரிய மாட்டார். ஆனால் குனிந்தால் தண்ணீரில் முகம் தெரியும். நானே பார்த்திருக்கிறேன். தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பாள். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வரும், "இன்னக்கி என்ன கொழம்புடி" என்று. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரியே இருக்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அதற்கு என்ன தண்ணீர் செலவு.

பலகை போட்டு மூடியதும் அது நின்றது. அந்த மாதம்தான் நாயகிக்கு வளைகாப்பு முடிந்தது. ஓசூரிலேயே பிரசவம் என்று சொல்லிவிட்டார்கள், இவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கைக்குழந்தைக்காரர் வரவில்லை. வேறு வீடு பார்த்துக்கொண்டார். பலகை இருக்கிறது. எவ்வளவு கெட்டி பாருங்கள்.

விற்பது என்று முடிவு செய்ததும் பக்கிரிசாமி ஆட்களைக் கூட்டிவர ஆரம்பித்தார். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மேலே பார்ப்பார்கள். மேலே பழைய தளம். உத்திரம், அதன் மேல் சட்டம், அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும். அப்பா காலத்தில் போட்டது. கறுத்துப்போய், சுண்ணாம்பு உதிர்ந்து, பார்க்கிறவர்களுக்கு மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கும் போல. ஒரு அம்மாள், "தலைக்கு மேல என்னமோ தொங்கற மாதிரியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த வீட்டுக்குக் குறை மேலேதான் என்று.

மேலே கை வைப்பதற்குக் காசு வேண்டும். காசு அங்கேயே இருந்தது. காரைக்காலிலிருந்து பழைய மரம் வாங்குகிறவர் ஒருவர் வந்தார். ஏணி வைத்து ஏறி உத்திரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். "பர்மா தேக்கு. இப்பல்லாம் எங்க சார் கெடைக்குது" என்றார். முழு மரமாக இருந்தால் நல்லது என்றார். முழு மரம் எப்படி வரும். கூடம் ஒன்றாக இருந்தபோது போட்டது, கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரைக்கும் ஒரே மரம். நடுச்சுவரைப் பிற்பாடு அதன் அடிவயிற்றில் முட்டுகிற மாதிரி எழுப்பினோம். "பாதிதான் எனக்குப் பாத்தியம்" என்றேன். "சரி, அறுத்து எடுத்துக்குறேன்" என்றார்.

கொத்தனார் சவரிமுத்துவைக் கேட்டேன். அவர் நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல மாட்டார். "மரத்த எடுத்துட்டு ரெண்டு இரும்புக் கொழா நட்டு, கலர் ஷீட்டு போட்டுடுவோம். கீழ ஜிப்சம் போர்டு அடிச்சா பங்களா கணக்கா இருக்கும் சார்."

"அந்தப் பக்கம் நிக்குமா?"

"நிக்கும் சார். எல்லாம் நிக்கும்."

அறுக்கிற அன்றைக்கு அண்ணன் அவர் பக்கத்துக் கூடத்தில் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தார். என்னோடு பேசவில்லை. பாகம் பிரித்த நாளிலிருந்து எங்களுக்கு அதுதான் வழக்கம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார், நான் பக்கத்தில் இருக்கிற ஆளைப் பார்த்துப் பதில் சொல்வேன். ஆள் இல்லையென்றால் நானும் சுவரைப் பார்த்துத்தான்.

"ஏ செவுரே, உங்கிட்டதான் கேக்குறேன். உத்தரம் ஒரே மரம். அந்தப் பக்கம் அறுத்தா இந்தப் பக்கம் எதப் புடிச்சிகிட்டு நிக்கும்?"

நான் சவரிமுத்துவைப் பார்த்து, "செவுத்தப் புடிச்சிகிட்டு நிக்கும்னு சொல்லு" என்றேன். சவரிமுத்து குரலை உயர்த்தி, "செவுத்து மேல நிக்குமாம் பெரியவரே" என்றார்.

"நிக்கும் நிக்கும். ஒத்தக்கல்லுச் செவுரு. நான் சாஞ்சி உக்காந்தாலே ஆடுது. ஏ செவுரே, நீயே சொல்லு, ஒன்னால முடியுமா?"

அறுக்கிறவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அண்ணன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சொல்லுகிற விதத்தில் சிரிப்பு வரும். பிறகு அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது. ரம்பம் சுவரின் சரிபாதியில் இறங்கியது. ஒரு விரற்கடைகூட அந்தப் பக்கம் போகவில்லை. நான் நின்று பார்த்துக்கொண்டேன். அடுத்தவர் பங்கில் கை வைத்தான் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

பக்கிரிசாமி ஒரு தடவை கேட்டார், அண்ணன் அவ்வளவு சொன்னாரே, நிறுத்தியிருக்கலாமே என்று. அவர் என்னிடம் சொல்லவில்லையே. சுவரிடம்தானே சொன்னார். தம்பி என்று ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் நான் ரம்பத்தை வைத்திருப்பேனா? சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஓசூரிலிருந்து போன். "உத்தரத்த அறுத்தீங்களாமே. அக்கா பக்கம் என்னங்க ஆவும்?"

"ஒனக்கு யாரு சொன்னது?"

"அக்கா பக்கம் என்ன ஆவும்னு கேட்டேன்."

நான் சீலிங்கைப் பற்றிச் சொன்னேன். விளக்குகளை எப்படிப் பதிக்கப் போகிறோம் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சரிங்க என்று மட்டும் சொல்லவில்லை.

ஷீட்டுக்குச் சாய்வு வைக்கும்போது சவரிமுத்து ஒரு யோசனை சொன்னார். தண்ணீர் தெருப்பக்கம் விழுகிற மாதிரி வைத்தால் முகப்பில் ஷீட்டின் விளிம்பு தெரியும், அசிங்கமாக இருக்கும், நடுச்சுவர்ப் பக்கம் சரித்துவிட்டால் வாசலிலிருந்து ஒன்றும் தெரியாது என்றார். நீங்கள் வாசலில் நின்றபோது ஷீட் தெரிந்ததா? தெரிந்திருக்காது. அவ்வளவு நுணுக்கமாகச் செய்தது. தண்ணீர் வடியச் சுவர் ஓரமாக ஒரு தகரக் கால்வாய் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். அதற்குள் கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. மழைக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மழை கொஞ்சம் முந்திவிட்டது.

ஐப்பசியில் பிடித்த மழை, விடவே இல்லை. மத்தியான நேரம். நான் ஸ்டூலில் ஏறிச் சீலிங்கில் ஒரு விளக்கின் வளையத்தைப் பொருத்திக்கொண்டிருந்தேன். பெரிய சத்தமெல்லாம் இல்லை. நெல் மூட்டையைச் சரித்த மாதிரி ஒரு சத்தம். ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. திரும்பிப் பார்த்தால் சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தில் அண்ணன் நிற்கிறார். கையில் காபி டம்ளர், அதில் காபி அப்படியே இருக்கிறது. அவருக்குப் பின்னால் மழை பெய்கிறது, கூடத்துக்குள். அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தலையெல்லாம் நரைத்துப்போயிருந்தது, அல்லது சுண்ணாம்பாக இருக்கலாம். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திரும்பிப் போய் மண்ணைக் கையால் வாரிப்போட ஆரம்பித்தார். அண்ணி அங்கே பாயைப் போட்டுப் படுத்திருந்தாள்.

அவர்கள் பாதி உத்திரம் அவள் இடுப்பின் மேல் கிடந்தது.

தெருவே கூடிவிட்டது. நானும் தூக்கினேன். நான் தூக்கவில்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், அந்த மரத்தின் தலைப்பைப் பிடித்தது நான்தான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியதே பெரிது, இனிமேல் எழுந்து நடப்பது கஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்சிலிருந்து இறக்கியவர்கள் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. கூரை இருக்கிற பக்கம் இறக்கினார்கள். வா என்று நானும் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. கட்டிலை மட்டும் நான் வாங்கிப் போட்டேன்.

ஒன்று கவனியுங்கள். என் பக்கம் ஒரு ஆணிகூட நகரவில்லை. ஷீட் இரும்புக் குழாயில் நிற்கிறது, சுவரை நம்பி நிற்கவில்லை. அண்ணன் பக்கம் பராமரிப்பே கிடையாது. தளத்தில் செடி முளைத்திருந்தால் பிடுங்க மாட்டார். வீட்டை வைத்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நாங்கள் மூன்று பேரும் இந்தக் கூடத்தில்தான். நான் சமைக்கிறேன், எனக்குத் தெரிந்தது ரசமும் துவையலும்தான். அண்ணன் தட்டை எடுத்துப்போய் அண்ணிக்கு ஊட்டுவார். பேச்சு இல்லை. முன்பாவது சுவர் இருந்தது. இப்போது அவர் அண்ணியைப் பார்த்து, "ரசத்துல உப்பு தூக்கலா இருக்குன்னு சொல்லு" என்பார். அண்ணி கண்ணை மூடிக்கொள்வாள். நான் தார்ப்பாயைப் பார்த்து, நாளைக்குக் குறைத்துப் போடலாம் என்பேன். அந்த வெஸ்டர்ன் அண்ணிக்குத்தான் உபயோகமாக இருக்கிறது. அண்ணன் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைக்கிறார். நல்லவேளை வைத்தோம் என்று நினைத்துக்கொள்வேன்.

வீடு பார்க்க வருகிறவர்களுக்குத்தான் சங்கடமாக இருக்கிறது. கட்டிலை மறைத்து ஒரு திரை கட்டினேன். திரைக்குப் பின்னால் என்ன என்று கேட்கிறார்கள். திரையை எடுத்துவிட்டேன். ஒரு குடும்பம் வந்தது, அந்தம்மா நேராக அண்ணியிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். என்ன பேசினார்களோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். சமையல் மேடையைக் கூடப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டுப் போங்கள், கருப்புக் கல்.

தினம் சாயங்காலம் ஓசூரிலிருந்து போன் வரும். அண்ணன் வீட்டுப் போன் மண்ணோடு போய்விட்டது, அதனால் என் போனுக்குத்தான் கூப்பிடுவாள். எடுத்ததும், "அக்காகிட்டக் குடுங்க" என்பாள். நான் கொண்டுபோய் அண்ணியின் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். கை வலிக்கும். என்ன குழம்பு என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். அண்ணி சிரிப்பாள். அந்த நேரத்தில்தான் சிரிப்பாள். முடிந்ததும் போனை என் காதுக்குக் கொண்டுபோனால், அதற்குள் அவள் வைத்துவிட்டிருப்பாள்.

ஒருநாள் மட்டும் கொஞ்சம் பிந்தி வைத்தாள். அக்காவைப் பார்க்க ஒரு நடை வந்துவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். "வந்தா நான் மேல பாப்பங்க. பாத்துட்டேன்னா அப்புறம் ஒங்க மொகத்தப் பாக்க முடியாது" என்றாள். மேலே என்ன இருக்கிறது, ஜிப்சம் போர்டுதான். நீங்களும்தான் பார்த்தீர்கள். பிறகு, "அக்காவ வெளிய அனுப்பிட்டு வித்தீங்கன்னா, அந்தக் காசுல வாங்குற வீட்டுல நீங்க தனியாத்தான் இருக்கணும்" என்றாள். கோபத்தில் சொல்வது. பத்திரம் முடிந்து, அங்கே ஒரு வீட்டைப் பார்த்து, சாவியைக் கையில் கொடுத்தால் மாறிவிடுவாள். மாற மாட்டாளா? நீங்களும் குடும்பஸ்தர், உங்களுக்குத் தெரியும்.

இவர்கள் எங்கே போவார்கள் என்றுதானே யோசிக்கிறீர்கள். அண்ணிக்கு ஒரு தம்பி சீர்காழியில் இருக்கிறான். வந்து பார்த்துவிட்டு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனான். அவனிடம் பேசலாம். இல்லையென்றால் பின்கட்டு அறை இருக்கிறது, நீங்கள் வாங்கினாலும் கொஞ்ச நாள் அதில் இருக்கட்டும் என்று நீங்கள் பெரிய மனது பண்ணினால். சரி, வேண்டாம். அதை விடுங்கள். சுவரை நான் என் செலவில் வைத்துத் தருகிறேன். ஒற்றைக்கல் இல்லை, கெட்டியாகவே வைத்துத் தருகிறேன்.

எழுந்துவிட்டீர்கள். இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும், தெரியும். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லப் போகிறீர்கள். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பரவாயில்லை. வாங்காவிட்டாலும் போகிறது.

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான். நீங்கள் எடுங்கள் சார். ஒரே ஒரு உதவி. வீடு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வெளி ஆள் சொன்னால் நம்புவாள். சீலிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பொதுவாக, நன்றாக வைத்திருக்கிறார் என்று சொன்னால் போதும். அக்காகிட்டக் குடுங்க என்றுதான் ஆரம்பிப்பாள். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.